ஒரு பாட்டில் தூசியோடு கோவைக்கு

மதுரையிலிருந்து கோவைக்கு அவசரக்காரர்கள் பஸ்ஸில் போவார்கள். மற்றவர்களுக்குக் காலையில் ஒரு ரயில் இருக்கிறது. திண்டுக்கல் தாண்டியதும் மேற்கே திரும்பி, ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி என்று ஊர் ஊராக நலம் விசாரித்துவிட்டு மதியச் சாப்பாட்டு வேளைக்குக் கொண்டுபோய் இறக்கிவிடும். மீட்டர் கேஜாக இருந்து அகலப்பாதையான தடம். ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் கையில் புத்தகம் தேவைப்படாது.

இந்த முறை பயணத்துக்குக் காரணம் ஒரு வாக்குவம் கிளீனர். என் மதினி தனியார் மருத்துவமனை ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராகப் பல வருஷம் இருந்தவர். அதை விட்டுவிட்டு, கூட வேலை பார்த்த இரண்டு பெண்களையும் சேர்த்துக்கொண்டு சொந்தமாகத் துப்புரவுத் தொழில் தொடங்குகிறார். புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முந்தின வாரம் உள்ளே போய், பெயின்டர் சிந்திய சொட்டு, டைல்ஸ்காரர் விட்டுப்போன சிமெண்ட், ஆசாரி விட்டுப்போன மரத்தூள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சாவியை ஒப்படைக்கிற வேலை. சோபா, மெத்தை எல்லாம் போகப்போகப் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. மாப், வைப்பர், ஒட்டடைக் கம்பு, கையுறை எல்லாம் மதுரையிலேயே வாங்கியாயிற்று. மெஷினை மட்டும் கோவையில்தான் வாங்குவேன் என்று பிடிவாதம்.

"இங்க கடைக்காரன் அட்டைப் பெட்டியைக் காட்டுறான் தம்பி. அங்க போனா மோட்டாரைக் காட்டுவான்" என்றார்.

அவர் கைப்பையில் நியூஸ் பேப்பர் சுற்றிய பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று இருந்தது. உள்ளே கே.கே. நகரில் முடியும் தருவாயில் இருந்த ஒரு ஃபிளாட்டில் கூட்டி அள்ளிய தூசி. வெள்ளைப் பட்டித் தூசி, எம்-சாண்ட், டைல்ஸ் அறுத்த மாவு, இரண்டு மூன்று சிறு ஆணி, கொஞ்சம் முடி. இதைத் தூக்கிக்கொண்டா ஊர்விட்டு ஊர் போவார்கள் என்று அண்ணன் வாசலில் நின்று சிரித்தார். மதினி காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மூட்டைகள், பழனி நெருங்கும்போது பெட்டி முழுவதும் ஒரே பக்கமாகத் திரும்பிக் கும்பிடுவது, இடும்பன் மலை பின்னால் நகர்வது என்று எல்லாம் முறைப்படி நடந்தது. உடுமலைப்பேட்டைப் பக்கம் காற்றாலைகள் தொடங்கின. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக்கு நேராகச் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு திறப்பு இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் கேரளக் காற்று முழுவதும் அதன் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு கொங்குநாட்டுக்குள் இறங்கும். அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குக் காற்று ஓடுகிறது, வழியில் அகப்பட்டதைத் தள்ளிக்கொண்டு போகிறது. நாங்கள் வாங்கப் போகிற மெஷினுக்கும் அவ்வளவுதான் தத்துவம். உள்ளே ஒரு விசிறி அழுத்தத்தைக் குறைக்கும், வெளிக்காற்று தூசியையும் கூட்டிக்கொண்டு பாயும். மற்றதெல்லாம் அந்தக் காற்றைத் தூசியிடமிருந்து பிரித்து வெளியே அனுப்புகிற ஏற்பாடு.

பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளுக்கிடையில் மதினிக்கு ஹூபர்ட் சீசில் பூத் கதையைச் சொன்னேன். ஆங்கிலேயர், பாலங்களும் ராட்டினங்களும் கட்டிய பொறியாளர். தூசியை ஊதித் தள்ளுகிற ஒரு மெஷினின் செய்முறை விளக்கத்தைப் பார்த்துவிட்டு, ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று யோசித்தவர். ஓட்டல் நாற்காலியின் மேல் கைக்குட்டையை விரித்து வாயால் உறிஞ்சிப் பார்த்தார். துணியின் அடியில் கறுப்பாகத் தூசி படிந்திருந்தது. 1901-ல் அவர் செய்த மெஷின் குதிரை இழுக்கிற வண்டி அளவு பெரிது. அது தெருவில் நிற்கும், நீளமான குழாய்கள் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போகும். 1902-ல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களைச் சுத்தம் செய்தது அந்த மெஷின்தான். பூத் முதலில் விற்றது மெஷினை அல்ல, வீடு தேடி வந்து சுத்தம் செய்கிற வேலையை.

"அப்ப நம்ம தொழிலுதான் முதல்ல வந்திருக்கு, மெசின் விக்கிற கடை அப்புறம்" என்றார் மதினி. சற்று யோசித்துவிட்டு, "குதிரைக்கும் தீனி போட்டுக் கட்டுபடியாகணும்னா சதுர அடிக்கு எவ்வளவு வாங்கியிருப்பான்?" என்று கேட்டார். எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்காத கேள்வி.

ஓஹையோவின் கேன்டன் நகரத்து ஸ்பாங்லர் கதை அவருக்கு இன்னும் பிடித்திருந்தது. கடை கூட்டுகிற வேலைக்காரர், ஆஸ்துமாக்காரர். தூசி தாங்காமல் 1907-ல் ஒரு மின்விசிறி மோட்டார், சோப்புப் பெட்டி, தலையணை உறை, துடைப்பக் கம்பு இவற்றைச் சேர்த்துக் கையில் தள்ளுகிற மெஷினைச் செய்தார். அதன் காப்புரிமை பிறகு ஹூவர் குடும்பத்தின் கைக்குப் போனது. "கூட்டுறவனுக்குத்தான் தெரியும்" என்றார் மதினி.

கோவையில் இறங்கியதும் சாம்பாருக்காக அன்னபூர்ணா, பிறகு காந்திபுரம் நூறடி ரோடு. அங்கே போனால் மோட்டாரைக் காட்டுவான் என்று மதினி சொன்னது வெறும் பேச்சில்லை. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1932-ல் பைக்காரா மின்சாரம் இறங்கியதும் மில்கள் பெருகின. மில்களுக்குப் பழுது பார்க்கப் பட்டறைகள், பட்டறைகளிலிருந்து மோட்டார், பம்பு, கிரைண்டர். உள்நாட்டிலேயே செய்த முதல் மின்மோட்டார் 1937-ல் இந்த ஊரிலிருந்துதான் வந்தது என்பது கோவைக்காரர்கள் விட்டுக்கொடுக்காத பெருமை. ஜெர்மனியின் ஹாக்கோவோடு கைகோத்துப் பெரிய துப்புரவு மெஷின்கள் செய்யும் ரூட்ஸ் மல்டிகிளீனும் இங்கேதான் இருக்கிறது.

முதலில் போன கடையில் நல்ல வரவேற்பு. தொழிலுக்கு என்றதும் பையன் நேராக மூன்று மோட்டார் மெஷினிடம் கூட்டிப்போனான். இடுப்பு உயரம், எவர்சில்வர் பீப்பாய், நான்கு சக்கரம். "3,000 வாட்ஸுங்க்கா. எல்லாத்தையும் இழுத்துரும்."

மதினி நியூஸ் பேப்பரைப் பிரித்தார்.

"ஏனுங்க்கா, இங்க கொட்டாதீங்க."

"எல்லாத்தையும் இழுக்கும்னு நீங்கதான சொன்னீங்க?"

பாட்டிலில் கால்வாசி ஷோரூம் தரையில் விழுந்தது. மெஷின் இழுக்கத்தான் செய்தது. ஆணி குழாய்க்குள் கடகடவென்று ஓடியது. மதினி தரையைப் பார்க்கவில்லை. மெஷினுக்குப் பின்பக்கம் போய், காற்று வெளியே வருகிற சல்லடையில் தன் வெள்ளைக் கர்ச்சீப்பை விரித்துப் பிடித்துக்கொண்டார். நிறுத்தியதும் எடுத்துக் காட்டினார். துணியில் மாவு பூசினாற்போல வட்டமாகத் தடம். தரையில் இருந்தது அறை முழுவதும் பரவிக்கொண்டிருந்திருக்கிறது. பூத் கதையைக் கேட்டதால் இதைச் செய்தாரா என்று பிறகு கேட்டேன். ஆஸ்பத்திரியில் ஏ.சி.க்காரர்களைச் சோதிக்கிற வழி இதுதானாம்.

பட்டித் தூசியோடு பழகியவர்களுக்கு இந்தத் தடத்தின் அர்த்தம் தெரியும். பட்டி என்பது பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் மாவும் வெள்ளைச் சிமெண்டும். சுவரைத் தேய்க்கும்போது எழுகிற பொடி துடைப்பம் பட்டால் மேலே ஏறும், ராத்திரி நிதானமாக இறங்கும், காலையில் தரை மறுபடி வெளுத்திருக்கும். வீட்டுக்காரர் விரலால் தேய்த்துக் காட்டிப் பாதிக் கூலியைப் பிடித்துக்கொள்வார். அது பணத்தோடு போய்விடும். கிரானைட், டைல்ஸ், எம்-சாண்ட் இவற்றின் நுண்தூளில் இருக்கிற சிலிக்கா அப்படிப் போகாது, நுரையீரலில் தங்கிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மூச்சோடு உள்ளே போகிற படிகச் சிலிக்காவை 1997-லேயே முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்துவிட்டது. ஐரோப்பாவில் தொழில்முறை வாக்குவம் கிளீனர்களைத் தூசியின் ஆபத்தைப் பொறுத்து எல், எம், ஹெச் என்று பிரிக்கிறார்கள். எம் வகுப்பு என்றால் 99.9 சதவீதத்துக்கு மேல் தூசியை உள்ளேயே பிடித்து வைக்க வேண்டும். நம் கடைகளில் அந்த எழுத்து ஒட்டிய மெஷின் அபூர்வம், விலையும் எட்டாது. ஆனால் பைக்குள் பை, அதற்குப் பின் ஹெப்பா ஃபில்டர் என்று இரண்டு மூன்று தடுப்பு வைத்த சாதாரண மெஷின்கள் கிடைக்கின்றன. மதினி அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்தது பிளக். 3,000 வாட்ஸ் மெஷின் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். நம் வீடுகளில் ஏ.சி., கெய்சர், சமையலறை போன்ற சில இடங்களில்தான் 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் இருக்கும், மற்றதெல்லாம் 6 ஆம்பியர். வேலை முடியாத வீட்டில் அதுவும் இருக்காது. பலகையில் அடித்த தற்காலிக இணைப்பும், அதிலிருந்து மாடிக்கு இழுத்த மெல்லிய ஒயரும்தான். 1,200 வாட்ஸ் ஒற்றை மோட்டார் மெஷின் 5 ஆம்பியர் சொச்சத்தோடு எந்த பிளக்கிலும் ஓடிவிடும். "இதை எடுத்துட்டுப் போயி எங்க சொருகுறது? லிஃப்டும் அப்ப ஓடாது. மூணாவது மாடிக்கு யாரு தூக்குறது?" என்றார் மதினி. அவர்கள் தொழிலுக்கு வாகனம் டி.வி.எஸ். எக்ஸெல். அதன் முன்பக்கத்தில் நிற்கிற அளவுதான் மெஷினின் அளவு.

வாட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. கடைகளில் அதைத்தான் பெரிதாக எழுதி ஒட்டுகிறார்கள். அது மெஷின் எவ்வளவு மின்சாரம் சாப்பிடும் என்பதைச் சொல்லுமே தவிர எவ்வளவு உறிஞ்சும் என்பதைச் சொல்லாது. பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு, சின்ன எழுத்தில் அடியில் இருக்கும். ஒன்று, எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை இழுத்து நிறுத்தும் என்பது. ஒட்டிக்கிடக்கிறதைப் பெயர்க்கிற பலம் அது. மற்றது, நொடிக்கு எத்தனை லிட்டர் காற்று போகும் என்பது. பெயர்ந்ததைச் சுமந்துபோகிற வேகம் அது. ஒன்று மட்டும் நன்றாக இருந்து பயனில்லை. ஃபில்டர் பாதி அடைபட்டால் இரண்டாவது எண் படுத்துவிடும், அட்டையில் எத்தனை வாட்ஸ் போட்டிருந்தாலும்.

மறுநாள் காலை சூலூர்ப் பக்கம் ஒரு நூற்பாலைக்குப் போனோம். என்னோடு படித்தவன் அங்கே பராமரிப்புப் பிரிவில் இருக்கிறான். வாக்குவம் கிளீனர் வாங்க வந்தவர்களுக்கு மில்லில் என்ன வேலை என்று கேட்கலாம். துப்புரவு மெஷின் இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது மதினியின் ஆசை.

ரிங் ஃபிரேம் வரிசைகளுக்கு மேலே தண்டவாளம். அதில் ஒரு பெட்டி மெதுவாக ஊர்ந்துகொண்டே இருக்கிறது. அதிலிருந்து இரண்டு பக்கமும் யானைத் தும்பிக்கைகள்போல நீளமான குழாய்கள் தரைவரை தொங்குகின்றன. சில குழாய்கள் மெஷின்மேல் படிந்த பஞ்சை ஊதி இறக்கும், தரையைத் தொட்டுப் போகிறவை உறிஞ்சும். வரிசையின் கோடிக்குப் போனதும் சேர்ந்த பஞ்சை ஒப்படைத்துவிட்டுத் திரும்பும். சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. நண்பன் ஒரு ஃபில்டர் பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே சல்லடையில் கம்பளிபோல் கனமாகப் பஞ்சு. உரித்தெடுத்தான், ஒரே துண்டாக வந்தது. அந்தக் கழிவையும் எடைபோட்டு வாங்கிப்போய் மட்டரக நூல் நூற்கிற மில்கள் இருக்கின்றன. மதினி தன் பாட்டிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "நம்ம தூசியை வாங்க ஆள் வர மாட்டான்" என்றார்.

வெளியே டீக்கடையில் நண்பன் சொன்னதுதான் அந்தப் பயணத்தில் மதினி நோட்டில் எழுதிக்கொண்ட முதல் விஷயம். "இழுவை கொறஞ்சாச் சுத்தம் பண்ணலாம்னு இருக்காதீங்க்கா. கொறஞ்சது தெரியறதுக்குள்ள மோட்டார் சூடாயிருக்கும். நாங்க கடிகாரம் பார்த்துத்தான் ஃபில்டரத் தட்டுவோம்." பட்டித் தூசிக்கு எத்தனை நிமிஷம் என்று மதினி கேட்டார். கால் மணிக்கு ஒரு தடவை தட்டிப் பார்த்துப் பழகுங்கள், பிறகு உங்களுக்கே தெரியும் என்றான். பஞ்சுத் தூசியால் வருகிற பிசினோசிஸ் நோயைப் பற்றியும் பேச்சு வந்தது. வார விடுமுறை முடிந்து வேலைக்கு வருகிற முதல் நாளில்தான் நெஞ்சை அதிகமாக இறுக்கும். அதனால் மேல்நாட்டு மில்களில் அதற்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே பெயர்.

அங்கிருந்து ஆவாரம்பாளையம். தெருவுக்குத் தெரு ரீவைண்டிங் கடைகள், வார்னிஷ் வாசனை. மருத்துவமனை மெஷின்களைப் பழுதுபார்த்த மதுரைக்காரர் ஒருவர் சொல்லி அனுப்பிய பட்டறையில் நடுவயதுக்காரர் ஒருவர் இருந்தார். எந்தக் கம்பெனி நல்லது என்று நான் ஆரம்பித்தேன். மதினி குறுக்கே புகுந்து, "அண்ணே, உங்ககிட்ட செத்து வர்றது எதுலாம்?" என்று கேட்டார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். உள்ளே எரிந்த மோட்டார்கள். ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஆர்மேச்சரின் செம்புப் பட்டைகளில் கறுப்பாகப் பள்ளம் விழுந்திருந்தது. "இது சின்ன வீட்டு மெசினுங்க. உறிஞ்சற காத்தே மோட்டார் வழியாப் போயி அதைக் குளுத்தும். தண்ணி கொஞ்சம் உள்ள வந்துச்சுன்னா சோலி முடிஞ்சுதுங்க." இன்னொன்றைக் காட்டினார். அதில் மேலே தனியாக ஒரு சின்ன விசிறி. "இது பைபாஸ். குளுத்தற காத்துக்கு வேற வழி, உறிஞ்சற காத்துக்கு வேற வழி. ஈரம், தூசி ரெண்டுக்கும் இதுதானுங்க." இந்த மோட்டார்கள் நிமிஷத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுற்றுகிறவை. அந்த வேகத்தில் ஃபில்டர் கிழிந்து சிமெண்ட் பேரிங்குக்குள் போனால் ஒரு வாரம்கூடத் தாங்காது என்றார்.

பிறகு ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு கார்பன் பிரஷ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புதியது விரல் மூட்டளவு நீளம். தேய்ந்தது நகத்தளவுதான் மிச்சம், முனை செம்புப் பட்டையின் வளைவுக்கு ஏற்றபடி வழவழவென்று குழிந்திருந்தது. "இதைச் சமயத்துல மாத்தினா மோட்டார் பொழைக்கும். மாத்தலைன்னா அதோ அப்பிடி" என்று தகரப் பெட்டியைக் காட்டினார். பிரஷ் விலை மிகக் குறைவு. ஆனால் எல்லா மெஷினுக்கும் கிடைக்காது. உறையையே பிரிக்க முடியாதபடி ஒட்டி விற்கிற மாடல்களும் உண்டு. மதினி நோட்டில் எழுதிய இரண்டாவது விஷயம்: ஸ்க்ரூ இருக்கிறதா, பிரஷ் தனியாகக் கிடைக்கிறதா.

நம் ஊரில் வாக்குவம் கிளீனர் என்றாலே பரணில் கிடக்கிற சாமான் என்றுதான் பெயர். 1982-ல் தொடங்கிய யுரேக்கா ஃபோர்ப்ஸின் ஆட்கள் டை கட்டிக்கொண்டு வீடு வீடாக வந்து மெத்தையை உறிஞ்சிக் காட்டிய காலத்தில் நடுத்தரக் குடும்பங்கள் பல வாங்கின. கம்பளம் விரித்த ஊர்களுக்காகப் பிறந்த மெஷின் அது. தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற மொசைக் தரையில் அதற்கு என்ன வேலை? தீபாவளிக்கு ஒருமுறை இறங்கி மறுபடி பரண் ஏறியது. இன்று அதற்கு வேலை கொடுப்பது வீட்டுக்காரர்கள் அல்ல, பட்டியும் கிரானைட்டும் ஜிப்சம் கூரையுமாக நாம் கட்டுகிற வீடுகள். அதனால்தான் கம்பளத்துக்கான உருளை பிரஷ் இலவசம் என்று இன்னொரு கடையில் சொன்னபோது மதினி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதில் ஒரு ஃபில்டர் கேட்டார்.

அந்தக் கடையில்தான் வியாபாரம் முடிந்தது. 20 லிட்டர் டிரம், 1,200 வாட்ஸ், பைபாஸ் மோட்டார், துணிப் பை, அதற்குப் பின் ஹெப்பா கார்ட்ரிட்ஜ். தண்ணீர் நிறைந்தால் மிதவை எழும்பி உறிஞ்சலை நிறுத்திவிடும். பாட்டிலில் மிச்சமிருந்த தூசி இங்கே கொட்டப்பட்டது. கர்ச்சீப் வெள்ளையாகவே வந்தது, அதாவது ஏற்கெனவே இருந்த அழுக்கோடு. மெஷின் கொஞ்சம் திணறத்தான் செய்தது, பெரியதன் வேகம் இல்லை. மதினி ஒன்று வாங்கவில்லை, ஒரே மாடலில் இரண்டு வாங்கினார். மூன்று மோட்டார் மெஷினுக்குச் சொன்ன விலையில் இரண்டும் வந்துவிட்டன. ஒன்று படுத்தால் மற்றது ஓடும், ஒரு செட் உதிரிபாகம் இரண்டுக்கும் ஆகும், இரண்டு பெண்கள் இரண்டு அறையில் வேலை செய்யலாம். விலையில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சேவைத் தொழிலுக்குப் பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாவிட்டால் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. அதையும் முதலீட்டில் சேர்த்துக் கணக்குப் போட்டார். நான்கு துணிப் பை, இரண்டு கார்ட்ரிட்ஜ், இரண்டு ஜோடி கார்பன் பிரஷ் எல்லாம் எண்ணி வாங்கிய பிறகுதான் பணத்தை எடுத்தார்.

திரும்பும்போது ரயிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. சிங்காநல்லூரில் மதுரை பஸ். இரண்டு அட்டைப் பெட்டிகளையும் பின் சீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தியதும் கண்டக்டர் வந்துவிட்டார். லக்கேஜ் சார்ஜ் பேரம் பல்லடம் வரை நடந்தது. பெட்டிக்குள் என்ன என்று விசாரித்து, எதற்கு என்று விசாரித்து, கடைசியில் தாராபுரத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன், அடுத்த மாசம் பால் காய்ச்சுகிறோம் என்றார்.

"எத்தனை சதுர அடி?" என்று கேட்டபடியே மதினி நோட்டைத் திறந்துவிட்டார்.

"கீழ மட்டும் ஆயிரத்து எரநூறுங்க."

"பட்டி பாத்தாச்சா, இனிமேதானா? கிரானைட் அங்கயே வச்சா அறுத்தாங்க? பிளக் பாயிண்ட்ல கரண்டு வந்திருச்சா?"

கண்டக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். மதினி கூட்டிப் பார்த்து ஒரு தொகை சொன்னார். அவர் பாதியாகக் குறைத்தார். மூன்று பேர் மதுரையிலிருந்து வந்து போகிற பஸ் சார்ஜே இவ்வளவு ஆகும் என்று மதினி எழுதியதைத் திருப்பிக் காட்டினார். அவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "செரி, அதுல இந்த லக்கேஜக் கழிச்சுக்கோங்க" என்று விசிலை ஊதிக்கொண்டே முன்பக்கம் போனார்.